வாடகை வீட்டு வாசல்ல ஒரு கோதிக் வளைவு

உங்க கேள்வியை நான் புரிஞ்சுகிட்ட மாதிரி முதல்ல திருப்பிச் சொல்லிடறேன். கம்மனஹள்ளி பக்கம் வாடகைக்கு கீழ் வீடு, முன்னாடி 10-க்கு 12 அடி மண் தரை, அங்க கோதிக் ஸ்டைல்ல அலங்காரம் நீங்களே கையால செஞ்சு வைக்கணும்னு ஆசை. ஆன்லைன்ல வாங்கின பிளாஸ்டிக் மண்டை ஓடும் சிலந்தி வலையும் ரெண்டு மழைக்கே வெளுத்துப் போச்சு, வாசல்ல மண்டை ஓடு ஆகாதுன்னு மாமியார் சொல்லிட்டாங்க, சுவத்துல ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாதுன்னு ஓனர் சொல்லிட்டார், வீட்ல 4 வயசுப் பையன் வேற இருக்கான். அப்ப நீங்க முக்கியமா கேக்கிறது ரெண்டு விஷயம். ஒண்ணு, மண்டை ஓடு பேய் பொம்மை எதுவும் இல்லாம அந்த உணர்வைக் கொண்டு வர முடியுமா. ரெண்டு, பெங்களூர் மழைக்கும் வெயிலுக்கும் நிக்கிற மாதிரி வீட்லயே எதுல செய்றது.

நான் சிற்பம் படிச்சவன், 20 வருஷத்துக்கு மேல இந்த ஊர்ல தோட்டங்களுக்கு சிமெண்ட்லயும் சுடுமண்ணுலயும் வேலை செய்றேன். கட்டட இன்ஜினியர் கிடையாது, அதனால இங்க சொல்றது எல்லாமே ஆள் உயரத்துக்குள்ள நிக்கிற சாமானுக்குத்தான். அதுக்கு மேல போகணும்னா, இல்ல மொட்டை மாடில வைக்கணும்னா, தயவுசெஞ்சு ஒரு இன்ஜினியர்கிட்ட காட்டிட்டு செய்யுங்க.

முதல் கேள்விக்கு தாராளமா முடியும்னு சொல்வேன், உங்க மாமியார் சொன்னதால வேலை இன்னும் நல்லாவே வரும். கோதிக்ங்கிறது முதல்ல ஒரு கட்டடக் கலை. 1144-ல பாரிஸ் பக்கத்துல செயின்ட் டெனி மடத்துக் கோயிலோட பின்பகுதியைப் புதுசா கட்டி அர்ச்சிச்சாங்க, அதாவது வழிபாட்டுக்குன்னு புனிதப்படுத்தினாங்க, அங்க இருந்துதான் இந்த பாணி கிளம்புச்சுன்னு பொதுவா சொல்வாங்க. மேல கூம்பி முடியிற வளைவு, ஒல்லியா உயரமா ஜன்னல், உள்ள வர்ற கலர் வெளிச்சம், இதுதான் அதோட உயிர். பேய்க்கதை, கல்லறை, வௌவால் எல்லாம் ரொம்ப நாள் கழிச்சு, 18-ம் நூற்றாண்டுல இங்கிலாந்துல இந்தப் பழைய கட்டடங்களோட இடிபாடுகளைப் பாத்து மயங்கினவங்க சேத்தது. நீங்க வெகுதூரம் போக வேண்டாம், சிவாஜிநகர் மாதா கோயிலுக்கு ஒரு சாயங்காலம் போயிட்டு வாங்க. 1882-ல அர்ச்சிச்ச கோயில், 160 அடி கோபுரம், உள்ள நின்னு மேல பாத்தீங்கன்னா கண்ணு தானா வளைவோட கூர்முனைக்குப் போகும். சென்னையில சாந்தோம் மாதா கோயிலைப் பாத்திருந்தீங்கன்னா அதே குடும்பம்தான். அப்படியே ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன் பக்கம் மிச்சம் இருக்கிற பழைய பங்களாக்களையும் பாருங்க, ஜன்னலுக்கு மேல மரச் சட்டத்துல கூம்பா ஒரு கூடாரம் மாதிரி இருக்கும், மங்கி டாப்னு சொல்வாங்க. அதுலயும் கோதிக் சாயல்தான். நம்ம ஊர் கோதிக் அது, வருஷா வருஷம் இடிச்சிட்டே இருக்காங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம் உண்டு. நீங்க உங்க தோட்டத்துல ஒரே ஒரு கூர்வளைவு ஒழுங்கா நிறுத்திட்டா போதும், அதுக்கு முன்னாடி வைக்கிற சாதாரண பூந்தொட்டி கூட வேற மாதிரி தெரியும்.

அந்த வளைவை வரையறது ரொம்ப சுலபம், ஆனா நிறைய பேர் கைக்கு வந்தபடி இழுத்து வெங்காயம் மாதிரி ஆக்கிடறாங்க. தரையில பழைய அட்டையோ ப்ளைவுட்டோ போட்டு, 24 இன்ச் இடைவெளில ரெண்டு ஆணி அடிங்க. ஒரு ஆணில நூலைக் கட்டி, மறு முனையில பென்சிலை வச்சு, நூல் நீளம் சரியா 24 இன்ச் இருக்கிற மாதிரி, எதிர் ஆணில ஆரம்பிச்சு மேல ஒரு வில் போடுங்க. அதே மாதிரி அந்தப் பக்க ஆணில இருந்தும். ரெண்டு வில்லும் சேர்ற இடம்தான் கூர்முனை, அது ஆணி கோட்டுல இருந்து கிட்டத்தட்ட 20¾ இன்ச் உயரத்துல வரும். இன்னும் ஒல்லியா வேணும்னா நூலை அகலத்தை விட நீளமா எடுத்துகிட்டு, ஆணியை வெளிப்பக்கம் தள்ளி அடிங்க, வில் மட்டும் அதே 24 இன்ச் அகலத்துல ஆரம்பிக்கணும். உள்ள மூணு இதழ் டிசைன் வேணும்னா, ஒரு சம முக்கோணம் வரைஞ்சு ஒவ்வொரு மூலையிலயும் பக்கத்துல பாதி அளவு ஆரத்துக்கு ஒரு வட்டம் போட்டா, மூணும் ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கும், வெளிக்கோடு மட்டும் எடுத்துக்கோங்க. அந்தக் காலத்து கல் தச்சனும் இந்த நூலும் காம்பஸும் வச்சுத்தான் செஞ்சான்.

இப்ப எதுல செய்யக் கூடாதுன்னு சொல்லிடறேன், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வெளியில வேண்டவே வேண்டாம். அது ஜிப்சம், தண்ணில கொஞ்சம் கொஞ்சமா கரையும், மேல எத்தனை பெயிண்ட் அடிச்சாலும் ஒரு கீறல் போதும். ஆரம்ப காலத்துல ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு அஞ்சு முகம் அதுல வார்த்துக் கொடுத்தேன், ஜூன்ல வச்சது, அக்டோபர்ல மூக்கு உதடு எல்லாம் மழுங்கி ஊறிப்போன பிஸ்கட் மாதிரி நின்னுச்சு, காசைத் திருப்பிக் கொடுத்தேன். காகிதக் கூழும் அப்படித்தான், அதை உள்ளுக்கு மட்டும் வச்சுக்கோங்க. லண்டன் பக்கத்துல ஹோரஸ் வால்போல்னு ஒருத்தர் 18-ம் நூற்றாண்டுல தன் வீட்டையே கோதிக்கா மாத்தினார், அங்க கல் விசிறி மாதிரி தெரியிற ஒரு கூரை முழுக்க காகிதக் கூழ்தான், ஆனா அது கூரைக்கு அடியில பத்திரமா இருக்கு. மரத்தூளை அழுத்திச் செஞ்ச எம்டிஎஃப் பலகை நம்ம மழைல ஊதிடும். தெர்மோகோல் வெறுமனே வச்சா வெயில்ல மஞ்சளாகி உதிரும், உள்ள வச்சு மேல சிமெண்ட் பூசினா ஓகே, ஆனா சூடு கம்பியால அதை அறுக்கிறப்ப வர்ற புகை நல்லது இல்ல, வெளியில காத்தோட்டமா வச்சு, இல்ல ரம்பப் பிளேடால அறுங்க.

என் சிபாரிசு கம்பி, கோழி வலை, சிமெண்ட் கலவை. முழுக்க சிமெண்டுலயே 4-க்கு 3 இன்ச் கனத்துல இந்த வளைவை வார்த்தீங்கன்னா, கால் 3 அடி சேத்து 55-ல இருந்து 60 கிலோ வரும், சின்னப் பையன் இருக்கிற வீட்ல அது நிக்கவே கூடாது. அதையே 8 எம்எம் கம்பியை வளைச்சு, கோழி வலை சுத்தி, 2 இன்ச் கனத்துக்கு கலவை பூசினா மொத்தமே 15 கிலோ சுமாருக்கு முடியும். ரெண்டு பாதியா செய்யுங்க. ஒவ்வொரு பாதிக்கும் கம்பி 6 அடி போதும், 3 அடி கால், 25 இன்ச் வில், மீதி அடியில பக்கெட்டுக்குள்ள போறதுக்கு, மேல ஒரு ரெண்டு மூணு இன்ச் நீட்டிகிட்டு இருக்கட்டும். கம்பியை நீங்க வளைக்க சிரமப்படாதீங்க, அட்டையில வரைஞ்சதை எடுத்துட்டுப் போனா கம்பி கட்டுற ஆளோ கிரில் கடைக்காரரோ கொஞ்ச நேரத்துல வளைச்சுக் கொடுத்துடுவார். வலையை ரெண்டு சுத்து இறுக்கமா சுத்தி கட்டுக்கம்பியால இழுத்துக் கட்டுங்க, லூசா இருந்தா பின்னாடி அங்கதான் விரிசல் விடும். காலை 10 லிட்டர் பெயிண்ட் பக்கெட்ல நிறுத்தி ஜல்லி கான்கிரீட் போட்டு நிரப்புங்க, ஒரு பக்கெட் 24 கிலோ கிட்ட வரும், அதை வாய் வரைக்கும் மண்ணுல புதைச்சிடுங்க. சுவத்துக்கு 4 இன்ச் முன்னாடி நிக்கட்டும், ஆணியே தேவையில்ல. உச்சில நீட்டிகிட்டிருக்கிற ரெண்டு கம்பியையும் கட்டுக்கம்பியால சேத்துக் கட்டி அந்த ஒரு இடத்துல மட்டும் கலவை வச்சு மூடினா, வீடு காலி பண்றப்ப அந்த ஒட்டைத் தட்டி உடைச்சு ரெண்டு பாதியா தூக்கிட்டுப் போயிடலாம்.

கலவை 1 பங்கு சிமெண்டுக்கு 3 பங்கு பி சாண்ட், அதாவது பூச்சு வேலைக்கு விக்கிற நைஸ் மணல். எம் சாண்ட் வேண்டாம், பெருமணல் நுணுக்கமான வேலைக்கு ஆகாது. தண்ணி குறைச்சலா விடுங்க, கைப்பிடியில பிடிச்சா உருண்டையா நிக்கணும், விரலிடுக்குல ஒழுகக் கூடாது. முதல் நாள் வலைக்குள்ள நல்லா அழுத்தி நிரப்பி, மேல சொரசொரப்பா கீறி விட்டுடுங்க, அடுத்த நாள் ஈரம் பண்ணிட்டு ரெண்டாவது பூச்சு. அது கொஞ்சம் இறுகினதும், நகத்தால அழுத்தினா தடம் விழணும் ஆனா கையில ஒட்டக் கூடாது, அந்த நேரம்தான் பொன்னான நேரம், பழைய கத்தியால கல் கல்லா அடுக்கினது மாதிரி கோடு போடுங்க, முனையை அங்கங்க உடைச்சு விடுங்க, ஸ்பாஞ்சால ஒத்தி எடுங்க. ரொம்ப நேராவும் ஒரே அளவாவும் கோடு போட்டா பாத்ரூம் டைல்ஸ் மாதிரி ஆயிடும், கல்லுக்குக் கல் அளவு மாறட்டும். அப்புறம் ஈர சாக்கு சுத்தி குறைஞ்சது 10 நாள் தண்ணி காட்டணும், இப்ப கடையில கிடைக்கிறது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட், அது மெதுவாத்தான் பலம் பிடிக்கும். முழு பலத்துக்கு 28 நாள்னு கணக்கு. கையுறை இல்லாம ஈர சிமெண்டைத் தொடாதீங்க, தொட்ட உடனே எரியாது, சாயங்காலம்தான் தோல் வெந்து போனது தெரியும். பையனை அந்தப் பக்கம் விடாதீங்க, காஞ்ச சிமெண்ட் கொட்டுறப்ப மாஸ்க் போடுங்க.

கனம் குறைவா தொட்டி, விளக்கு மாடம், உடைஞ்ச தூண் துண்டு மாதிரி சின்ன சாமான்லாம் செய்ய, 1 பங்கு சிமெண்ட், ஒன்றரை பங்கு கோகோ பீட் (தேங்காய் நார்த் தூள்), ஒன்றரை பங்கு பெர்லைட் (செடிக்குப் போடுற லேசான வெள்ளைக் குருணை) கலந்து அட்டைப் பெட்டிக்குள்ள வார்த்து எடுங்க. கோகோ பீட்டை முதல்ல ஊற வச்சு ரெண்டு தண்ணில அலசிப் பிழிஞ்சிடுங்க, உப்பு போகணும். இந்தக் கலவை பழைய சுண்ணாம்புக் கல் மாதிரி ஓட்டை ஓட்டையா வரும், கையாலயே செதுக்கலாம். எந்தத் தொட்டியா இருந்தாலும் அடியில ஓட்டை விட மறக்காதீங்க, நம்ம ஊர் டெங்குவுக்கு ஒரு கிண்ணம் தேங்கின தண்ணி போதும்.

கார்காயில் பத்தி தனியா கேட்டிருந்தீங்க. கோதிக் கோயில் மேல வாயைப் பிளந்துகிட்டு இருக்கிற மிருகம் வெறும் பயமுறுத்தல் கிடையாது, கூரையில விழுற மழைத் தண்ணியை சுவத்துல படாம தூரமா துப்புற குழாய் அது. பேரே தொண்டைங்கிற பிரெஞ்சு வார்த்தையில இருந்து வந்தது. தண்ணி துப்பாம சும்மா உக்காந்திருக்கிறதுக்கு வேற பேர். பாரிஸ் நோத்ர தாம் படத்துல கன்னத்துல கை வச்சு ஊரைப் பாத்துகிட்டு இருக்கிற பிரபலமான உருவம் கூட 19-ம் நூற்றாண்டு புனரமைப்புல வியோலே லெ டுக்ங்கிற கட்டடக் கலைஞர் சேத்ததுதான், அது தண்ணி துப்பாது. இப்ப யோசிச்சுப் பாருங்க, நம்ம கோயில் கருவறையில அபிஷேகத் தண்ணி வெளிய வர்ற கோமுகம் என்ன, தூண்ல பாய்ஞ்சு நிக்கிற யாளி என்ன, புது வீட்டு வாசல்ல கட்டுற திருஷ்டி முகம் என்ன. வாசல்ல உக்கிரமான முகம் காவல் நிக்கிறது உங்க மாமியாருக்குப் புதுசே இல்ல, மண்டை ஓடுதான் அவங்களுக்கு சாவு. அதனால யாளி முகம் ஒண்ணு செய்யலாமான்னு அவங்ககிட்டயே கேளுங்க. நான் பல வீடுகளுக்கு இதைச் செஞ்சு கொடுத்திருக்கேன், கூர்வளைவுக்கு அடியில யாளி அவ்வளவு பொருத்தமா உக்காரும். சுடுமண்ணுல செய்ய ஆசைன்னா பென்சன் டவுன் பக்கம் பாட்டரி டவுன்ல குயவர் குடும்பங்கள் இருக்காங்க, தமிழ்லயே பேசலாம், தீபாவளி முடிஞ்சு போங்க, அதுக்கு முன்னாடி அகல் வேலையில அவங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. பாதி காஞ்ச பானையில கூர் ஜன்னல் மாதிரி நாலஞ்சு வெட்டித் தரச் சொல்லி சுட்டு வாங்கினீங்கன்னா, உள்ள ஒரு விளக்கு வச்சா சுவர் முழுக்க ஜன்னல் நிழல் விழும். நல்லா சுட்ட மண்ணு மழைக்கு அசராது. லண்டன்ல எலனார் கோட்ங்கிற அம்மா 1769-ல இருந்து சுட்ட மண் கலவையில தோட்டச் சிலைகள் செஞ்சு வித்தாங்க, அவங்க காலத்துக்கு அப்புறம் அதே கலவையில 1837-ல செஞ்ச சிங்கம் ஒண்ணு வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துகிட்ட இன்னைக்கும் முகம் மழுங்காம நிக்குது.

இரும்பு வேலைக்கு, புதுசா அடிக்கக் கொடுத்தா செலவு. சிவாஜிநகர் பக்கம் பழைய இரும்புக் கடை, நம்ம குஜரி கடைகள்ல இடிச்ச வீட்டு ஜன்னல் கிரில், கேட்டோட ஈட்டி முனை எல்லாம் எடைக்குக் கிடைக்கும். துருவைத் தேச்சு ரெட் ஆக்ஸைடு பிரைமர் ஒரு கோட்டு, மேல பளபளப்பு இல்லாத கருப்பு.

புது சிமெண்ட் புதுசாவே தெரியும், அதைப் பழசாக்கணும். கலவையிலயே கருப்பு ஆக்ஸைடு பொடி சேக்கலாம், 1 கிலோ சிமெண்டுக்கு 50 கிராம் போதும், இரும்பு ஆக்ஸைடு வெயிலுக்கும் சிமெண்டோட காரத்துக்கும் மங்காது. கரியும் விளக்குப் புகையும் கலக்காதீங்க, மழை அடிச்சு வெளுத்துடும். நல்லா காஞ்சதும் கருப்பு எக்ஸ்டீரியர் எமல்ஷனைத் தண்ணியா கரைச்சு முழுக்க பூசி, உடனே துணியால துடைச்சிடுங்க, பள்ளத்துல மட்டும் இருட்டு நிக்கும். அப்புறம் காஞ்ச பிரஷ்ல வெளிர் சாம்பலைத் தொட்டு மேட்டுல மட்டும் லேசா இழுங்க. இந்த ரெண்டு வேலைதான் பொம்மையைக் கல்லா மாத்துது. வெள்ளையா உப்பு பூத்தா பயப்படாதீங்க, காஞ்ச பிரஷ்ஷால தேச்சா போயிடும், ரெண்டு மழையில நின்னுடும். பாசிக்கு மோர் தடவணும்னு எல்லாரும் சொல்றாங்க, இது எனக்கு உறுதியா தெரியாத இடம். தடவினதுலயும் வந்திருக்கு, தடவாததுலயும் வந்திருக்கு, சிலதுல வெறும் பூசணம் பிடிச்சு நாறியிருக்கு. நிழலும் ஈரமும்தான் காரணம்னு நான் நினைக்கிறேன். புது சிமெண்ட் காரம் ஜாஸ்தி, ஒரு மழைக்காலம் அலசிட்டுப் போனாத்தான் பாசி உக்காரும்ங்கிறது மட்டும் என் கண்ணால பாத்த உண்மை.

செடிக்கு நிறைய கலர் சேக்காதீங்க, இருட்டு இலையும் வெள்ளைப் பூவும் போதும். கறுப்புச் சேம்பு, பர்ப்பிள் ஹார்ட், கருந்துளசி, மெரூன் கோலியஸ் எல்லாம் இந்த ஊர்ல தானா வளரும். முன்னாடி நந்தியாவட்டை, பக்கத்துல நித்யமல்லி, ஒரு தொட்டியில பிரம்ம கமலம், அது ராத்திரில விரியிற அன்னைக்கு அந்த வளைவுக்கு அடியில வேற அலங்காரமே தேவைப்படாது. எல்லா கோதிக் தோட்டப் படத்துலயும் தொங்குற வெள்ளை ஊமத்தை, ஏஞ்சல்ஸ் ட்ரம்பெட், பெங்களூர்ல அருமையா பூக்கும், ஆனா இலை பூ விதை மொத்தமும் விஷம். கருஊமத்தையும் அரளியும் அதே கதை. பையன் வளர்ற வரைக்கும் இது மூணும் வேண்டாம். வளைவு மேல பெரிய கொடி ஏத்தாதீங்க, ஏப்ரல் மே மாசத்துல சாயங்காலம் அடிக்கிற காத்துக்கு கொடி பாய் மாதிரி ஆயிடும், நம்ம 24 கிலோ பக்கெட் அதுக்குப் போடலை. வளைவுக்குப் பின்னாடி கண்ணாடி வச்சா தோட்டம் நீளமா தெரியும்னு ஒரு யோசனை எழுதியிருந்தீங்க, பாக்க அழகுதான், ஆனா தேன்சிட்டு தன் உருவத்தையே எதிரின்னு நினைச்சு மணிக்கணக்கா கொத்திகிட்டே இருக்கும், எனக்கு மனசு வரலை, வைக்காதீங்க.

வெளிச்சம், கலர் எல்இடி வேண்டாம். மஞ்சள் வெளிச்சம், 2700 கெல்வின்னு போட்டிருக்கும், ஒரே ஒரு சின்ன லைட்டை வளைவுக்குப் பின்னாடி தரையில மறைச்சு மேல பாக்கிற மாதிரி வைங்க. ஈரத் தரைங்கிறதால 12 வோல்ட் லைட், இல்ல சோலார்.

எப்ப ஆரம்பிக்கிறதுன்னு கேட்டதுக்கு, செப்டம்பர் அக்டோபர்ல இங்க மழை ஜாஸ்தி, பூசின கலவை ராத்திரியே கரைஞ்சு ஓடிடும். டிசம்பர் ஜனவரில செய்யுங்க, வெயில் கம்மி, மெதுவா காயும், விரிசல் விடாது. பிப்ரவரிக்கு மேல தள்ளிப் போச்சுன்னா சாக்குல காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை தண்ணி விடணும், நீங்க ஆபீஸ் போற நேரத்துல மத்தியானத் தண்ணியை மாமியார்கிட்ட ஒப்படைச்சிடுங்க.